உழவாரமும் பாஸ்போர்ட்டும்: கடல் கடந்த தொண்டுப் பயணம் பற்றிய வாதங்கள்

பள்ளிப் படிப்பை முடித்த இருபது பேர். கையில் பாஸ்போர்ட், தடுப்பூசிச் சீட்டு, ஊரில் திரட்டிய நன்கொடை. வேறொரு நாட்டின் சிற்றூரில் இரண்டு வாரம் தங்கிச் சுவர் பூசவும், மரம் நடவும், குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தரவும் கிளம்புகிறார்கள். இதனால் யாருக்குப் பயன்: போகிறவருக்கா, ஏற்கும் ஊருக்கா? இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சமாதானவாதிகள், அரசுகள், பாதிரியார்கள், குழந்தை நல ஆய்வாளர்கள் என்று பலரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அனுப்பும் நாட்டில் இருந்துகொண்டு எழுதப்பட்டவையே அவற்றில் மிகுதி என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

திருவண்ணாமலை ஏற்கும் ஊர். ஆனால் இங்கே கதை தலைகீழாகத் தொடங்கியது. 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன் ரமண மகரிஷி ஆனார். 1934இல் பால் பிரண்டன் அவரைப் பற்றி எழுதிய நூல் வெளியான பிறகு, மேற்கு நாட்டவர் செங்கம் சாலையில் உள்ள அவர் ஆசிரமத்தைத் தேடி வருவது கூடிற்று. அப்படி வந்தவர்கள் கொடுக்க வரவில்லை, பெற வந்தார்கள். கொடுப்பவர் உயரத்திலும் பெறுபவர் தாழ்விலும் இருக்கும் வழக்கமான படம் இவ்வூரில் முதலில் பொருந்தவே இல்லை. வந்தவர் தரையில் உட்கார்ந்தார். தொண்டு நிறுவனங்கள், குழந்தைகள் இல்லங்கள், மரம் நடும் குழுக்கள் எல்லாம் பெரும்பாலும் பிறகு வந்தவை. அதனால் இந்த வாதங்களை உரசிப் பார்க்க இவ்வூர் ஏற்ற இடம்.

மண்வெட்டி பிடித்த சமாதானம்

நாடு கடந்த தொண்டு முகாம் என்ற வடிவத்துக்குத் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படுவது 1920ஆம் ஆண்டு. போரில் நொறுங்கிக் கிடந்த பிரான்சின் வெர்டன் அருகே எஸ்ன் என்ற கிராமத்தில், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல் ஒரு சிறு குழுவோடு வீடு கட்டப் போனார். அண்மை வரை எதிரி நாட்டவராக இருந்த ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தார்கள். ராணுவ சேவைக்கு மாற்றாக உழைப்புச் சேவை என்பது அவர் கொள்கை. சர்வதேச சிவில் சேவை இயக்கம் இதிலிருந்து வளர்ந்தது. 1934 ஜனவரி 15இல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபோது செரெசோல் அங்கேயும் வந்து கிராமங்களை மறுபடி எழுப்பும் வேலையில் சேர்ந்தார்.

இந்தத் தரப்பின் வலிமை, வேலையைவிடச் சேர்ந்து வேலை செய்வதற்கே மதிப்பு என்று அது ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதில் இருக்கிறது. பலவீனம் முதல் முகாமிலேயே தெரிந்துவிட்டது. ஜெர்மானியர் தங்கள் மண்ணில் வந்து வேலை செய்வதை எஸ்ன் வட்டாரத்தில் எல்லோரும் ஏற்கவில்லை. எதிர்ப்பு வந்தது, சில மாதங்களில் முகாம் கலைந்தது. நல்லெண்ணம் இருந்தது, உழைப்பும் இருந்தது, ஊரின் சம்மதம் முழுமையாக இல்லை. பிற்கால வாதங்கள் பலவற்றின் விதை இங்கே கிடக்கிறது.

அரசு அனுப்பிய இளைஞர்கள்

1958இல் அலெக் டிக்சன் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பு முதலில் அனுப்பியது பதினெட்டு வயதுப் பள்ளி மாணவர்களை. 1961 மார்ச் 1 அன்று கென்னடி அமெரிக்க அமைதிப் படையைத் தொடங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் முதல் குழு பஞ்சாப் வந்தது. 1976இல் அமைதிப் படை இந்தியாவை விட்டுப் போவதற்குள் 4,000க்கும் மேற்பட்டோர் இங்கே பணியாற்றியிருந்தார்கள். கோழி வளர்ப்பு, விவசாயம், சுகாதாரம் ஆகியவை முக்கிய வேலைகள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், ஏறக்குறைய எழுபது வயதில், பம்பாயின் விக்ரோலியில் செவிலியாகப் பணி செய்தவர்களுள் ஒருவர்.

அரசுகளின் பதில் எளிமையானது: வளர்ந்த நாட்டு இளைஞரிடம் திறமை இருக்கிறது, ஏழை நாட்டிடம் தேவை இருக்கிறது. பனிப்போர்க் காலத்து அரசியல் கணக்கு இதன் அடியில் ஓடியது என்பதை மறைக்க அப்போதே யாரும் பெரிதாக முயலவில்லை. திட்டத்தை விளக்க வந்த அமைதிப் படைத் தலைவர் சார்ஜென்ட் ஷ்ரைவரிடம் நேரு சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு: உங்கள் பிள்ளைகள் பஞ்சாபில் நிறையக் கற்பார்கள், அவர்கள் திரும்பிப் போகும்போதும் பஞ்சாப் ஏறக்குறைய அப்படியே இருந்தால் மனம் சோர வேண்டாம். சொன்னவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா தெரியாது. ஆனால் பயன் யாருக்கு என்ற கேள்விக்கு ஏற்கும் நாட்டுத் தலைவர் ஒருவர் தந்த பதில் அது.

பதினெட்டு வயதுக்காரரிடம் என்ன திறமை இருக்க முடியும் என்ற கேள்வியை இந்த அமைப்புகள் தாமே எதிர்கொண்டன. வி.எஸ்.ஓ. பள்ளி மாணவரை விட்டுப் பட்டதாரிகளுக்கும், பிறகு தொழில் தேர்ந்தவர்களுக்கும் நகர்ந்தது. அமைதிப் படை தன் தொடக்கக் காலத் தொண்டர்களைப் போர்ட்டோ ரிக்கோ முகாம்களில் பாறை ஏறவும் ஆற்றில் நீந்தவும் பழக்கியது. பஞ்சாபில் கோழிப்பண்ணை வைக்கப் போகிறவருக்குப் பாறை ஏற்றம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பின்னர் பயிற்சி பெரும்பாலும் போய்ச் சேரும் நாட்டுக்கே மாறியது. மொழிக்கும் வழக்கங்களுக்கும் முதலிடம் கிடைத்தது.

வராதீர்கள் என்ற குரல்

இந்த விவாதத்தில் மிகக் கூர்மையான பேச்சு 1968 ஏப்ரலில் நிகழ்ந்தது. கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் போகவிருந்த வட அமெரிக்க மாணவர்களின் முன் இவான் இல்லிச் பேசினார். கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்த அவர், மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் இருந்துகொண்டு வளர்ச்சி என்ற சொல்லையே கேள்விக்கு உட்படுத்தியவர். மாணவர்களின் நல்லெண்ணத்தை அவர் மறுக்கவில்லை. அதுதான் ஆபத்து என்றார். மொழி தெரியாமல், ஊர் தெரியாமல் வருகிறவர் தம் வாழ்க்கை முறையைத்தான் விற்க முடியும். வேண்டாம் என்று சொல்லும் வலிமைகூட அந்தக் கிராமத்தாருக்கு இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முடித்தார்.

திருவண்ணாமலையில் இருந்து இதைப் படித்தால் ஒரு புன்னகை வரும். பார்க்கவும் படிக்கவும் உட்காரவும் வந்தவர்களைத்தான் இந்த ஊர் முதலில் கண்டது. மலை ஏறுவதற்கு மட்டும் இப்போது வனத்துறை அனுமதி வேண்டும்.

இல்லிச்சின் வாதத்துக்கு இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஏற்கும் ஊரை அவர் வாயில்லாத ஊராகவே காண்கிறார். வருகிறவரைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த ஊர்களும் உண்டு. மற்றது, அவர் தாக்குவது குறுகிய தங்கலை. ஆனால் தீர்ப்போ வெளியாள் தொண்டு முழுவதன் மீதும் விழுகிறது. மதுரைப் பகுதிக்கு மிஷனரியாக வந்த அமெரிக்கர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான், காந்தியச் சார்பால் 1930இல் பிரிட்டிஷ் அரசால் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து, காந்திகிராமம் வட்டாரத்துப் பணிகளோடு தம் வாழ்நாளையே கழித்தார். அவரையும் இரண்டு வாரச் சுற்றுப்பயணியையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. திருவண்ணாமலையில் பள்ளி நிறுவிய டேனிஷ் மிஷனாரும் தமிழ் கற்றுப் பல ஆண்டுகள் தங்கியவர்கள். மதமாற்ற நோக்கம் குறித்த விமர்சனம் அவர்கள் மீது உண்டு. ஊரை அறியாதவர்கள் என்ற விமர்சனம் ஒட்டாது.

குழந்தைகள் இல்லம்: சான்று தெளிவாக உள்ள இடம்

மற்ற இடங்களில் வாதம் நடக்கிறது. இங்கே மட்டும் ஆய்வுகள் ஓரளவு ஒரே திசையில் நிற்கின்றன. 2010இல் தென்னாப்பிரிக்காவின் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும், எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தேடி வரும் தொண்டுச் சுற்றுலாவை ஆராய்ந்து எழுதினார்கள். வந்தவர் சில வாரம் கொஞ்சிப் பழகுவதும் பிறகு மறைவதும், ஏற்கெனவே பிரிவைக் கண்ட குழந்தைக்கு மீண்டும் மீண்டும் பிரிவைத் தருகிறது என்பது அவர்கள் எச்சரிக்கை.

கம்போடியாவின் கணக்கு இதைவிடக் கசப்பானது. 2005க்கும் 2010க்கும் இடையே அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடி 269 ஆனது. அவற்றில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்ததாக யுனிசெஃப் ஆதரவில் நடந்த ஆய்வு காட்டியது. அநாதைகள் பெருகவில்லை, அநாதைகளைப் பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். வருகையும் நன்கொடையும் இருக்கும்வரை இல்லம் நடத்துவது ஒரு தொழிலாகிவிடுகிறது, தொழிலுக்குச் சரக்கு தேவைப்படுகிறது. இந்தச் சொல் கொடுமையானது என்று தெரிந்தேதான் எழுத வேண்டியிருக்கிறது. 2018இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதன் வரம்பில் வைத்துப் பேசியது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் இத்தகைய இல்லங்களில் நடக்கும் தொண்டுப் பயணங்களின் தீங்கைச் சுட்டியது.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஒவ்வொரு இல்லமும் பதிவு பெற வேண்டும் என்கிறது. குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் தேர்வு, இல்லம் கடைசித் தேர்வு என்பது அதன் அடிப்படை. ஆன்மிகப் பயணிகள் ஆண்டு முழுவதும் வந்துபோகும் ஒரு கோயில் நகரத்தில் இந்த விதிக்குக் கூடுதல் கண்காணிப்பு தேவை என்று சொல்வது மிகையாகாது. திருவண்ணாமலையின் இல்லங்களில் கம்போடியாவில் நடந்தது நடக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அதே ஈர்ப்பு விசைகள் இங்கேயும் இருக்கின்றன என்பதே பொருள்.

மலைக்கு வந்த உதவி

அருணாசல மலை ஏறக்குறைய 814 மீட்டர் உயரம்; சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 1980களில் அது பெரும்பாலும் மொட்டை மலை. விறகு வெட்டு, மேய்ச்சல், கோடைதோறும் புல்லில் பிடிக்கும் தீ ஆகிய மூன்றும் சேர்ந்து மரங்களை அழித்திருந்தன. 1987இல் இங்கே வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர், மழைக்காடுகளுக்காகப் போராடிய ஜான் சீட் என்ற தம் நாட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் பிறந்தது அந்தத் தொடர்பில். ஆஸ்திரேலியாவிலிருந்து நிதி வந்தது. பெரிய கோயிலின் மதில்களுக்கு இடையே தரிசாகக் கிடந்த நிலம் நாற்றங்காலானது. பின்னாளில் தி ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளை நாட்டு மரக் கன்றுகளை வளர்த்து நடுவதையும், தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதையும் வனத்துறையின் இசைவோடு செய்துவருகிறது. அதனோடு தொடர்புடைய மருதம் பண்ணைப் பள்ளி 2009இல் கணத்தம்பூண்டியில் தொடங்கியது.

வெளிநாட்டவர் கை இந்த வேலையில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த வகையில் என்று கவனிக்க வேண்டும். கடிதம் எழுதியவர் ஊரில் ஏற்கெனவே வாழ்ந்தவர். தேவையைக் கண்டது இங்கிருந்து. உதவியைக் கேட்டதும் இங்கிருந்து. நாற்று வளர்ப்பதும் குழி எடுப்பதும் தீயை அடிப்பதும் கூலி பெறும் உள்ளூர் ஆட்களின் அன்றாட வேலை. வந்துபோகிறவர்கள் அந்த ஆட்களின் பின்னால் நடந்து, அவர்கள் காட்டிய குழியில் கன்று வைக்கிறார்கள். இல்லிச் பயந்தது நடக்காமல் போனதற்கு இந்த வரிசைமுறை ஒரு காரணம் எனத் தோன்றுகிறது.

மரம் தவறை மன்னிக்கும் என்பதும் இன்னொரு காரணமாக இருக்கலாம். தப்பாக நட்ட கன்று காய்ந்துபோகும், அடுத்த ஆண்டு வேறொன்று நடலாம். குழந்தையிடமும் நோயாளியிடமும் அந்த வசதி இல்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையின் சரிவு வ.உ.சி. நகர் வீடுகள் மீது சரிந்து ஏழு பேர் மாண்டபோது, பாறையின் அடியில் இருந்தவர்களைத் தேட வந்தது பயிற்சி பெற்ற பேரிடர் மீட்புப் படை. அந்த இடத்தில் ஆர்வம் மட்டும் உள்ள கைகள் பாரமாகவே இருந்திருக்கும்.

ஆர்வம் பாரமாவதைத் தமிழ்நாடு அதற்கு முன்பே பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த வாரங்களில் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் குவிந்த பழைய துணிகள் சாலையோரங்களில் மலையாகக் கிடந்தன. மானம் மிக்க மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. பிறகு படகுகள்: சில ஊர்களில் இழந்ததைவிட அதிகமாக வந்து சேர்ந்தன. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒழுங்குபடுத்த, சிநேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்க வேண்டியிருந்தது. உதவியை ஏற்பதற்கும் ஒரு தனி உழைப்பு தேவை என்பதை நாகை அப்போது கற்றது.

உழவாரக் குழுவின் விதி

தொண்டுப் பயணம் மேற்கின் கண்டுபிடிப்பு என்ற எண்ணத்தோடுதான் இந்த விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரப் படையைத் தோளில் தாங்கி ஊர் ஊராகப் போனார்; கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். இன்றும் சென்னையிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் உழவாரக் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாழடைந்த சிவாலயங்களுக்குப் போகின்றன. கருவி அவர்களுடையது, சோறு அவர்களுடையது, பயணச் செலவும் அவர்களுடையது. கோயிலாரிடம் கேட்டுக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்து, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். யாரையும் திருத்தும் நோக்கம் இல்லை. பணிவு என்பது மனநிலையாக மட்டும் நிற்காமல் வேலையின் வடிவத்திலேயே இருக்கிறது.

இதையும் மிகையாகப் போற்ற வேண்டியதில்லை. உழவாரம் செல்வது தம் மொழியும் தம் சமயமும் வழங்கும் ஊருக்கு. கடல் தாண்டிய அந்நியம் அங்கே இல்லை. கோயிலைச் சுத்தம் செய்வதிலும் அறியாமை கேடு செய்யும். கல்லைப் பளிச்சென்று ஆக்க மணல் வீச்சு முறையைக் கையாண்டு கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் பலமுறை எழுந்தது. அது ஒப்பந்தக்காரர் வேலை என்றாலும் பாடம் தொண்டருக்கும் பொருந்தும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும்.

1969 செப்டம்பர் 24 அன்று காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இந்த மரபுக்கு அரசு தந்த கல்லூரி வடிவம் எனலாம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் முகாம். கிரிவலப் பாதையில் பௌர்ணமி முடிந்த காலையில் குப்பை பொறுக்குகிற மாணவர்களைப் பார்க்கலாம். அடுத்த பௌர்ணமிக்குக் குப்பை திரும்ப வரும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

தயாரிப்பு யாருடையது

ஆகவே வாதம் இன்று பெரும்பாலும் ‘போகலாமா’ என்பதை விட்டு ‘எப்படித் தயாராவது’ என்பதில் நிற்கிறது. 2008இல் ஜெர்மன் அரசு தொடங்கிய வெல்ட்வெர்ட்ஸ் திட்டம் ஓர் ஆண்டுப் பணிக்கு 25 நாள் கருத்தரங்கு வேண்டும் என்கிறது: புறப்படும் முன், நடுவில், திரும்பிய பின். சிங்கப்பூர் 2000இல் தொடங்கிய இளைஞர் பயணத் திட்டமும் முன்தயாரிப்பை வற்புறுத்துகிறது. இத்திட்டங்கள் தம் பெருமையைப் பெரும்பாலும் இளைஞரின் கற்றலில் வைக்கின்றன. நேரு சொன்னதற்கே சுற்றி வந்து சேர்ந்ததுபோல.

இங்கே ஓர் இடைவெளி தெரிகிறது. தயாரிப்புக் கையேடுகள் போகிறவருக்காக எழுதப்படுகின்றன. ஏற்கும் ஊரின் தயாரிப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தங்க இடம், கொதிக்க வைத்த தண்ணீர், காரம் குறைத்த சாப்பாடு, மொழிபெயர்க்க ஆள், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள். இவையெல்லாம் ஒரு சிறு அமைப்பின் வேலை நாட்களைத் தின்கின்றன. இந்தியச் சட்டமும் தன் பங்குக்குக் கதவை ஒடுக்கியிருக்கிறது. சுற்றுலா விசாவில் ஒரு மாதத்துக்கு உட்பட்ட ஊதியமில்லாத தொண்டுக்கே இடம். அதற்கு மேல் தொண்டு நிறுவனத்தில் பணி செய்ய வேலை விசா வேண்டும். 2020இல் திருத்தப்பட்ட அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 விழுக்காட்டு வரம்பை 20 ஆக்கியது. விருந்தினரைக் கவனிக்கும் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படும் என்பது கணக்கருக்குத் தலைவலி.

எதிர்த்திசைப் பயணம் மெல்லத் தொடங்கியிருக்கிறது. கனடாவில் 1971இல் ஷாக் எபேர் தொடங்கிய கனடா உலக இளைஞர் அமைப்பு இரு நாட்டு இளைஞரையும் இரு நாட்டிலும் தங்க வைத்தது. ஜெர்மன் திட்டம் 2013 முதல் தென்னுலக இளைஞரைத் தன் நாட்டுக்கு அழைக்கிறது. முதியோர் இல்லங்களும் மழலையர் பள்ளிகளும் அவர்கள் பணியிடங்கள். திருவண்ணாமலைக் கல்லூரி மாணவி ஒருத்தி ஜெர்மன் முதியவருக்குச் சோறூட்டும்போது, உதவி எந்தத் திசையில் போகிறது என்ற பழைய படம் கொஞ்சம் கலைகிறது. எனினும் விசாவும் பயணச்சீட்டும் பெர்லினில் ஓர் எடையும் திருவண்ணாமலையில் வேறோர் எடையும் கொண்டவை.

தீராதவை

குழந்தைகள் இல்லங்களில் குறுகிய காலத் தொண்டு வேண்டாம் என்பதை ஏறக்குறைய முடிந்த விஷயமாகக் கொள்ளலாம். ஊர் கேட்காத உதவி ஊருக்குச் சுமை என்பதற்கும் எஸ்ன் முதல் நாகை வரை போதிய சான்று இருக்கிறது. மற்றவை அவ்வளவு உறுதியாக இல்லை. இளமையில் இரண்டு வாரம் வேறொரு நாட்டில் மண் சுமந்தவர் நாற்பது வயதில் வேறு மாதிரி வாக்களிக்கிறாரா, வேறு மாதிரிச் செலவழிக்கிறாரா என்பதற்குத் திட்டவட்டமான பதில் சொல்வது கடினம். அப்படிப் போகிறவர் தொடக்கத்திலேயே அந்த மனம் கொண்டவராக இருக்கலாம் என்ற சிக்கல் எப்போதும் குறுக்கே நிற்கிறது.

கூலிக் கேள்வியும் தீரவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். மலையில் கன்று நட ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகிறது. தீயை அடிக்க ஆள் தேவைப்படுவது மாசி, பங்குனியில். விடுமுறைக் குழு வந்து இறங்கும் நாட்களில் மிஞ்சும் வேலை பெரும்பாலும் குழி எடுப்பது. நூறு நாள் வேலையில் பழகிய பெண்கள் அதை ஒரு காலையில் முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு அந்தக் கூலியும் தேவை. விமானச் செலவு செய்து வந்தவர்களின் கையில் கடப்பாரையைக் கொடுப்பதா, அந்தப் பெண்களைக் கூப்பிடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அன்று காலை நாற்றங்காலில் நிற்கும் மேஸ்திரி.